‘இல்லை’ 94 சென்ட்: தலைவர்கள் சந்திப்பின் மீது சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் வசிக்கிறேன், கணக்கராக வேலை, வயது 46. அக்காள் மகன் பாலிமார்க்கெட் என்ற கணிப்புச் சந்தையைக் காட்டினான். பகை நாடுகளின் தலைவர்கள் இருவர் இன்னும் மூன்று மாதத்திற்குள் நேரில் சந்திப்பார்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ 94 சென்ட்டுக்குக் கிடைக்கிறது. “அவர்கள் சந்திக்கவே போவதில்லை மாமா, சேமநிதி ஒரு வருடத்தில் கொடுப்பதை இது மூன்று மாதத்தில் கொடுத்துவிடும்” என்கிறான். சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து 4,000 ரிங்கிட் எடுத்துப் போடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் மருமகனின் கணக்கில் பிழையில்லை. 94 சென்ட் போட்டு ஒரு டாலர் கிடைத்தால் லாபம் ஏறக்குறைய 6.4 விழுக்காடு, ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த ஈவோ 6.30 விழுக்காடு. ஆனால் அந்த 6 சென்ட்டை அவர் வட்டி என்று எண்ணுகிறார். அது வட்டியன்று, நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளும் ஆபத்துக்கான கூலி.

இந்தச் சந்தையில் ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு சீட்டுகள் உண்டு. முடிவு தெரிந்ததும் ஒன்று ஒரு டாலராகும், மற்றது காசுக்கு உதவாமல் போகும். 94 சென்ட் என்ற விலை, இத்தகைய நூறு கேள்விகளில் 94இல் ‘இல்லை’ ஜெயிக்கும், 6இல் தோற்கும் என்று சந்தை கருதுவதைக் காட்டுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயிக்கும் 94 சீட்டுகளில் தலா 6 சென்ட், ஆக 564 சென்ட் வரவு. தோற்கும் 6 சீட்டுகளில் தலா 94 சென்ட், ஆக அதே 564 சென்ட் இழப்பு. விலை சரியாக இருந்தால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் ரிங்கிட்டை மாற்றும் செலவும் சேர்ந்தால் நட்டம்தான். சந்தையைவிட உங்களுக்குக் கூடுதலாக ஏதேனும் தெரிந்திருந்தால் மட்டுமே லாபம் உண்டு.

அப்படித் தெரிந்தவர்கள் யார் என்பதே இதில் நான் மிகவும் கவலைப்படும் இடம். 2019 பிப்ரவரி இறுதியில் ஹனோயில் டிரம்பும் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் உடன்பாடின்றிப் பிரிந்தார்கள். ஜூன் 30க்குள் மீண்டும் சந்திப்பார்களா என்றொரு சீட்டு அன்று இருந்திருந்தால், ஜூன் 28ஆம் தேதி இரவு ‘இல்லை’ வைத்திருப்பவர் பணம் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மறுநாள் காலை ஒசாகாவிலிருந்து டிரம்ப் ட்விட்டரில் ஓர் அழைப்பு விடுத்தார். ஜூன் 30 பிற்பகல் இரு கொரியாக்களின் எல்லையிலுள்ள பன்முன்ஜோமில் இருவரும் கைகுலுக்கினார்கள். இத்தகைய சந்திப்புகளை முடிவு செய்வது ஒரு சிலரின் விருப்பம். அந்தச் சிலரைச் சுற்றியுள்ள பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் விமானப் பயணத்தை ஏற்பாடு செய்பவர்களுக்கும் உலகத்துக்கு முன்பே செய்தி தெரிந்திருக்கும். 2026 ஜனவரியில் வெனிசுலா அதிபர் மதுரோ அமெரிக்கப் படையிடம் பிடிபடுவதற்குச் சற்று முன்பு அதன் மீது பணம் போட்ட ஒரு கணக்கு நான்கு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது பெரும் சர்ச்சையானது. உங்களுக்கு எதிராக ‘ஆம்’ சீட்டை வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் அறிய வழியில்லை.

அடுத்து, விதிகள். கேள்வியின் தலைப்பைப் பார்த்து வாங்குகிறோம், பணம் கிடைப்பதோ அடியில் உள்ள விதிகளின்படி. காணொளி உரையாடல் சந்திப்பாகுமா, மாநாட்டு மண்டபத்தில் ஒரு நிமிடக் கைகுலுக்கல் போதுமா, கெடு எந்த நாட்டு நேரப்படி என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். டிரம்பும் சீன அதிபர் சீ சின்பிங்கும் தென் கொரியாவின் பூசானில் சந்தித்தபோது நமக்கு 2025 அக்டோபர் 30 காலை, வாஷிங்டனிலோ அக்டோபர் 29 இரவு. அதே ஆண்டு, உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி ஜூலைக்கு முன் சூட் அணிவாரா என்ற கேள்வியில் 20 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. ஜூன் மாத நேட்டோ மாநாட்டில் அவர் அணிந்த கறுப்பு உடையைச் செய்தி நிறுவனங்கள் சூட் என்றே எழுதின. ஆயினும், சர்ச்சைக்குரிய கேள்விகளில் தீர்ப்புச் சொல்லும் யூஎம்ஏ என்ற கிரிப்டோ டோக்கனை வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்பில் ‘இல்லை’ என்று தீர்ப்பானது. கண்ணால் கண்டதைக் கொண்டு ‘ஆம்’ வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள்.

நம் நாட்டு நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கு உரிமம் பெறாத பந்தயத்தை 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் தடை செய்கிறது. பாலிமார்க்கெட் நம் பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் பெற்றதன்று. சிங்கப்பூர் அதை 2025 தொடக்கத்திலேயே முடக்கிவிட்டது. பணம் சிக்கிக்கொண்டால் முறையிட உங்களுக்கு இங்கே கதவு இல்லை. பெரும்பாலும் கிரிப்டோ நாணயம் வழியாகவே பணம் செலுத்த வேண்டியிருப்பதால், “என்னிடம் ரிங்கிட்டாகக் கொடுங்கள், நான் போட்டுத் தருகிறேன்” என்று டெலிகிராமில் ஒருவர் முளைப்பார். மருமகன் அப்படி யாரையாவது நம்பிப் பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்கச் சொல்லுங்கள்.

உலக நடப்பை அறியும் ஆர்வத்தில் அந்த விலையைப் பார்ப்பதில் தவறில்லை, நானும் பார்ப்பதுண்டு. ஆனால் அது சந்திப்பு நடக்குமா என்பதை மட்டுமே சொல்லும், சமாதானம் வருமா என்பதைச் சொல்லாது. 2025 ஜூலை 24 அன்று தாய்லாந்தும் கம்போடியாவும் மோதிக்கொண்டன. நான்கே நாளில் இரு தரப்புத் தலைவர்களும் புத்ராஜெயாவில் பிரதமர் அன்வார் முன்னிலையில் அமர்ந்தார்கள். அக்டோபர் 26 அன்று டிரம்ப்பும் உடனிருக்க, இதே கோலாலம்பூரில் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். சந்திப்பார்களா என்று கேட்டிருந்தால் இரு முறையும் விடை ‘ஆம்’. டிசம்பரில் எல்லையில் மறுபடியும் குண்டுகள் விழுந்தன.