பாலைவனப் பாதையில் கிறுக்கியவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எகிப்தின் பாலைவனப் பாதைகளில் பாறை எழுத்துகளைத் தேடிப் போகிறவர்களைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம். கர்னாக் கோயிலில் சுவர் சுவராக எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள், கல்லறைகளுக்குள்ளும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு எவனோ ஒரு வழிப்போக்கன் ‘நான் வந்தேன்’ என்று கீறிவிட்டுப் போனதற்கு இத்தனை வருட உழைப்பா? செஞ்சிக் கோட்டைச் சுவரில் ஆணியால் பெயர் கீறுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? அப்புறம், அந்தப் பக்கம் தமிழ் எழுத்து ஏதாவது கிடைத்திருக்கிறதா? அடுத்த வருடம் எகிப்து போவதாக இருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

செஞ்சி உதாரணம் பாதி சரி. கண்ட இடத்தில் பெயரைப் பொறிக்கும் அரிப்பு அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால் கர்னாக் சுவரில் இருப்பது அரசன் சொல்ல விரும்பியது, தோற்றுப்போன சண்டையை எந்த அரசன் கோயில் சுவரில் வெட்டி வைப்பான்? பாதையோரப் பாறையில் இருப்பது வேறு சரக்கு. யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள், எதற்காக நின்றார்கள் என்பது அதில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே ஒரு செய்தி. அந்தக் கல்லைப் பெயர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அதில் பாதி போய்விடும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். லக்சரைத் தாண்டி வடக்கே போகும் நைல், கெனா பக்கம் பெரிய வளைவு ஒன்று போட்டுவிட்டு மறுபடி மேற்கே திரும்பும். படகில் போகிறவன் வளைவு முழுக்கச் சுற்ற வேண்டும், மேற்கே பாலை மேட்டின் மேல் ஏறிக் குறுக்கே போனால் தூரம் மிச்சம். இன்றைய லக்சர் இருக்கும் இடத்துப் பழைய நகரமான தீப்ஸிலிருந்து கிளம்பும் இந்தக் குறுக்குப் பாதைகளைத்தான் எகிப்தியவியல் ஆய்வாளர்கள் ஜான் கோல்மன் டார்னலும் டெபோரா டார்னலும் 1992 முதல் நடந்து நடந்து ஆராய்ந்தார்கள்.

அப்படி ஒரு பாதையில் இருக்கும் பாறைதான் ஜெபல் ட்ஜௌதி. கி.மு. 2100ஐ ஒட்டிய காலம், எகிப்து வடக்கும் தெற்குமாகப் பிளந்து அடித்துக்கொண்டிருந்தது. கோப்டோஸ் (இன்றைய குஃப்த்) பகுதியின் ஆளுநன் ட்ஜௌதி இங்கே எழுதி வைத்திருக்கிறான்: இந்த மலையைக் கடக்க நான் வழி செய்தேன், வேறொரு நாட்டுப்பிரிவின் தலைவன் அதை அடைத்து வைத்திருந்தான் என்று. பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு வரி, ‘ரேயின் மகன் அந்தெஃபின் தாக்குதல் படை’. அந்தெஃப் என்பது தீப்ஸ் அரசர்களின் பெயர், அதாவது ட்ஜௌதிக்கு எதிர்த் தரப்பு. இந்த இரண்டையும் தாளில் எழுதிக் காட்டினால் ‘சரி, ஏதோ சண்டை’ என்று விட்டுவிடுவீர்கள். அங்கேயே நின்று படித்தால்தான் சண்டையே இந்தப் பாதைக்காக என்று தெரியும், ஏனென்றால் மேட்டுப் பாதையைப் பிடித்தவன் ஆற்றங்கரையில் நிற்கும் எதிரியின் முதுகுப்பக்கம் போய் இறங்கலாம்.

இன்னொரு இடம் வாதி எல்-ஹோல் (வாதி என்றால் வறண்ட ஓடைப் பள்ளத்தாக்கு). தீப்ஸுக்கும் ஹூ என்கிற ஊருக்கும் கிட்டத்தட்ட நடுவில், மேட்டிலிருந்து பாதை இறங்கும் சுண்ணாம்புப் பாறைச் சரிவு. சுமை தூக்கும் கழுதையோடு இறங்குகிற எவனும் அங்கே நின்று மூச்சு வாங்கித்தான் ஆகவேண்டும். (ஒட்டகம் அந்த ஊருக்குப் புழக்கத்தில் வந்தது வெகுகாலம் கழித்து, சினிமாவில்தான் ஃபாரோ காலத்திலேயே வரிசையாக வரும்.) அதனால் அங்கே எழுத்தும் குவிந்து கிடக்கிறது. படைவீரன், பூசாரி, எழுத்தன் என்று ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். சிலர் இந்த மலையடிவாரத்தில் பண்டிகை கொண்டாடி நாளைக் கழித்தேன் என்று எழுதியிருக்கிறார்கள், ஹதோர் தேவிக்கான திருவிழாவுக்கு ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் போல. வெறும் பொட்டல் காடு என்று நாம் நினைக்கும் இடம் அவர்களுக்குத் திருவிழாத் திடல்.

அதே பாறையில்தான் எகிப்திய எழுத்து போலத் தெரிந்தும் அப்படிப் படிக்க முடியாத இரண்டு வரிகள் அகப்பட்டன. ஒன்றில் 16 குறிகள், மற்றதில் 12. மாட்டுத் தலை, தண்ணீர் அலை, கண், இரண்டு கையையும் தூக்கி ஆடும் ஆள் என்று படம் படமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு படமும் ஓர் ஒலிக்கு மட்டுமே நிற்கிறது. காலம் சுமார் கி.மு. 1850 என்கிறார் டார்னல், அப்படியானால் உலகின் மிகப் பழைய அகரவரிசை எழுத்துகளில் இவையும் உண்டு. அதே இடத்தில் ‘ஆசியர்களின் படைத்தலைவன் பெபி’ என்பவனின் பெயரும் இருக்கிறது. ஆசியர்கள் என்று எகிப்தியர் சொன்னது கிழக்கேயிருந்து வந்த, ஹீப்ரு, அரபு வகை மொழி பேசியவர்களை; எகிப்தியப் படையில் வேலை பார்த்த இந்தச் செமித்திய மொழிக்காரர்களும், படையோடு வந்த எழுத்தர்களும் கலந்த இடத்தில் இந்த எழுத்து முளைத்திருக்கும் என்பது டார்னலின் வாதம். இல்லை, அது சினாயில் செராபித் எல்-காதிம் சுரங்கங்களில் வேலை செய்த எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களின் கைவேலை என்கிறார் இன்னொரு ஆய்வாளரான ஓர்லி கோல்ட்வாசர். அங்கே 1905இல் ஆங்கிலத் தொல்லியலாளர் பெட்ரி கண்டெடுத்த எழுத்துகளும் இதே குடும்பம்தான். எனக்குப் படைமுகாம் கதைதான் ஒருபடி கூடுதலாக ஒட்டுகிறது, பெபியின் பெயர் அங்கேயே இருப்பதால். வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த இரண்டு வரிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலேயே ஒருமித்த முடிவு கிடையாது.

ஆக, நீங்கள் சொன்ன அந்த ‘எவனோ ஒருவன்’ கீறியதில் இதெல்லாம் இருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் போனால் பாறை மொட்டையாகத்தான் தெரியும், காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் கோடு எழும்பும். படம் எடுத்து, கோடு கோடாக வரைந்து, எந்தக் கோட்டின் மேல் எது ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எழுத்தோடு வேலை முடிவதில்லை. பாதை நெடுக உடைந்த பானை ஓடு, தங்கிய இடத்துக் குப்பை, கழுதைச் சாணம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் காலத்தில் எவ்வளவு நடமாட்டம் என்று பிடிபடும். திருடர்களும் சும்மா இல்லை, வாதி எல்-ஹோலில் எழுத்துள்ள பாறைகளை உடைத்திருக்கிறார்கள். இத்தனை வருட உழைப்பா என்று கேட்டீர்களே, பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதில் சிலவற்றை இன்று பார்க்கவே முடியாது.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். செங்கடல் துறைமுகங்களில் கிடைத்திருக்கிறது. குசைர் அல்-காதிமில் பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் உண்டு, பெரெனிகேயில் ‘கொற்றபூமான்’ என்று ஒன்று. ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னவை இவை. சரக்கு கரையேறிய பிறகு பாலைவனம் வழியாகத்தான் நைல் கரைக்குப் போக வேண்டும். அந்தப் பாதைகளில் ஒன்றில், வாதி மெனிஹ் என்ற இடத்தில், ஆன்னியஸ் ப்ளோகாமஸ் என்பவரின் அடிமை லைசாஸ் கி.பி. 6இல் கிரேக்கத்திலும் லத்தீனிலும் தன் வருகையை எழுதியிருக்கிறான். இதே ஆன்னியஸ் ப்ளோகாமஸ் பெயர் ரோமானிய எழுத்தாளர் பிளினியின் நூலிலும் வருகிறது. அவருடைய விடுதலை பெற்ற ஆள் ஒருவன் காற்றில் அடித்துக்கொண்டு இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தான் என்கிறார் பிளினி. லைசாஸும் அந்த ஆளும் ஒருவரேதானா என்று சண்டை வேண்டாம், ஒரே முதலாளி வீட்டு வியாபாரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்த வருடம் போகிறீர்கள் அல்லவா, வாதி எல்-ஹோலுக்கு ஆசைப்படாதீர்கள், சுற்றுலாக்காரர்கள் போகிற இடமல்ல. வாதி ஹம்மாமாத் பாருங்கள், குஃப்த்–குசைர் தார்ச்சாலையே அதன் வழியாகத்தான் போகிறது. அரசன் மூன்றாம் மெந்துஹோதெப்பின் 8ஆம் ஆட்சியாண்டில் 3,000 பேரோடு அவ்வழியே போன ஹெனு என்ற அதிகாரி, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீரும் 20 ரொட்டியும் கொடுத்ததாகவும், கழுதைகளின் மேல் செருப்பு ஏற்றிப் போனதாகவும் அங்கே எழுதி வைத்திருக்கிறான். ஒருவன் செருப்பு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளத்தான். பிற்கால அரசன் நான்காம் ராம்செஸ் அனுப்பிய கூட்டம் 8,368 பேர் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது, செத்துப்போன 900 பேரையும் அதிலேயே குறித்திருக்கிறார்கள். போவதற்கு முன்னால் அங்கே அனுமதி விவரம் என்ன என்று லக்சரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.