மனநோயுள்ள கைதிக்குச் சிறையில் கிடைக்கும் சிகிச்சையும் மனநல மருத்துவமனையில் கிடைப்பதும் ஒன்றுதானா?

இல்லை, நிறைய வித்தியாசம் இருக்கிறது. சிறையின் முதல் வேலை காவல், சிகிச்சை அதற்கு அப்புறம்தான். அதனால் அங்கே பெரும்பாலும் நெருக்கடியைச் சமாளிப்பதே நடக்கும்: மாத்திரை, தற்கொலைக் கண்காணிப்பு, போதையை விடவோ கோபத்தை அடக்கவோ குழுப் பயிற்சி. சத்தமும் தனிமைச் சிறையும் நோயை இன்னும் கிளறிவிடுவது வேறு விஷயம்.

தடயவியல் மனநல மருத்துவமனையில், அதாவது குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளிகளுக்கான மருத்துவமனையில், மருத்துவர், செவிலியர், உளவியலாளர் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் போடுவார்கள். நோய் தணியத் தணியக் கட்டுப்பாடும் தளரும், வெளியே போன பிறகும் கண்காணிப்பு தொடரலாம். மனநோயால் குற்றப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பானவர்களைச் சிறையில் வைக்கவே கூடாது என்கின்றன கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐநா ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள்.

சரி, அப்படியானால் மருத்துவமனைதான் சுலபமாகத் தப்பிக்கும் வழி என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறைத் தண்டனைக்குப் பெரும்பாலும் முடிவுத் தேதி உண்டு. மருத்துவமனையில் பல நேரம் அது கிடையாது, ஆபத்து குறைந்துவிட்டது என்று மருத்துவர்களும் நீதிமன்றமும் ஏற்றால்தான் விடுதலை. அமெரிக்காவில் கடையில் ஜாக்கெட் திருட முயன்ற ஒருவருக்கு அதிகபட்சத் தண்டனை 1 ஆண்டுதான், ஆனால் மனநலக் காரணத்தால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பான அவரை அதைவிட நீண்ட காலம் மருத்துவமனையில் வைத்திருக்கலாம் என்று 1983-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.