வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் காளான் நல்லதா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்தால், மறுநாள் விடியும்போதே என் மாமியார் தைலமரக்காட்டுக்குப் போய்ப் புற்றுக்காளான் எடுத்து வருவார். குழம்பு கொதிக்கும்போது வெள்ளிக்காசு ஒன்றைப் போடுவார். கறுக்காவிட்டால் நல்ல காளானாம். இதை நம்பி என் நான்கு வயது மகனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மாமியாரின் கண்ணை நம்புங்கள், காசை நம்பாதீர்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். முட்டை பட்டாலும் கறுக்கும். காளான் விஷத்தை அது காட்டிக்கொடுக்காது. பூண்டு, மஞ்சள் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். பூச்சி கடித்திருந்தால் நல்லது என்பதும் தவறு. பூச்சிக்கு ஒத்துக்கொள்வது நம் கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளாது.

புற்றுக்காளானின் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. அதனால் ஒடித்து எடுக்காமல், குச்சியால் மண்ணைக் கிளறி எடுக்கச் சொல்லுங்கள். பெரிய புற்றுக்காளானின் தண்டு கீழே போகப் போக மெலிந்து, வேர் போல நீண்டு கறையான் கூட்டுக்குள் இறங்கும். கறையான் வளர்க்கும் காளான் அது, அதனால்தான் பண்ணையில் வளர்க்க முடிவதில்லை. குடையின் நடுவே சின்னக் குமிழ் போல ஒரு கூர்முனை இருக்கும். தண்டில் வளையம் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், சில புற்றுக்காளான்களுக்கும் வளையம் உண்டு.

வேர் இல்லாமல், தண்டின் அடி கிண்ணம் போன்ற உறைக்குள் உட்கார்ந்திருந்தால் தொடவே வேண்டாம். உயிரைக் கொல்லும் காளான்கள் சிலவற்றுக்கு அந்த உறை உண்டு. புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை ஒன்றும் ஏமாற்றும். இளசாக இருக்கும்போது அடிமடிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், முற்றினால் பச்சை பூக்கும். சந்தேகம் இருந்தால், குடையை மட்டும் வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் படிந்திருக்கும் தூள் பச்சையாக இருந்தால் அது இந்த நாய்க்குடைதான். புற்றுக்காளான் தூள் லேசான இளஞ்சிவப்பாக இருக்கும். ஆனால் தூளின் நிறம் சரியாக இருப்பது மட்டும் போதாது, வேரும் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வாந்தியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காளான் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பதுதான். ஓரிரு மணி நேரத்தில் வாந்தி வந்தால் பெரும்பாலும் அந்தப் பச்சைத்தூள் காளானாக இருக்கும். அவதிப்படுத்தும், அநேகமாகப் பிழைத்துவிடலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்தால்தான் எனக்குப் பயம். அந்த விஷம் கொதித்தாலும் அழியாது. மறுநாள் வாந்தி நின்று தேறிவிட்டது போலத் தெரியும், அப்புறம் கல்லீரல் செயலிழக்கும். வாந்தி நின்றுவிட்டதே என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், பாலித்தீன் பையில் அழுகிவிடும்.

சரி, மகனுக்கு? இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பெரியவர் தாங்கும் அளவு அவன் சின்ன உடம்புக்குப் பெரிது, வாந்தி பேதியில் குழந்தைக்குச் சீக்கிரம் நீர் வற்றும். ஆசைப்பட்டால் கடையில் விற்கும் பண்ணைக் காளானை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். நீங்கள் சாப்பிடுவதாக இருந்தால், சந்தேகம் இல்லாததை மட்டும் பறித்த அன்றே சமைத்துவிடுங்கள், யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் மருத்துவரிடம் காட்ட, சமைக்காத இரண்டு காளானை வேரோடு மறுநாள்வரை எடுத்து வையுங்கள்.