பட்டாளத்து டிஸெபிலிட்டி பென்ஷன் ரிஜெக்ட் ஆயிட்டா? டெல்டா பக்கத்து கேள்விகள்

நடவு வேலை ஓஞ்சா போதும், நம்ம ஊரு எக்ஸ் சர்வீஸ்மேன் எல்லாம் ஃபைலை தூக்கிட்டு வந்துடுவாங்க. சர்வீஸால வந்த ஊனத்துக்கும் வியாதிக்கும் குடுக்குற டிஸெபிலிட்டி பென்ஷன் பத்தி அடிக்கடி வர்ற கேள்விங்களுக்கு மட்டும் இங்க எழுதுறேன்.

கே (மன்னார்குடி): 2018ல டிஸ்சார்ஜ் சார். பிபியால 30 சதம் ஊனம்னு மெடிக்கல் போர்டு போட்டுட்டு, சர்வீஸால வந்ததும் இல்ல கூடுனதும் இல்லன்னு எழுதிட்டாங்க. கேஸ் நிக்குமா?

நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு. முதல்ல ரிலீஸ் மெடிக்கல் போர்டு (வெளிய வரும்போது டாக்டர்கள் பாத்து எழுதுறது) பேப்பரை முழுசா கையில வாங்குங்க, இல்லைன்னா ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு ஆர்டிஐ போடுங்க, ஏன்னா கேஸே அதுல காரணம் எழுதுற பத்தியிலதான் இருக்கு. கோர்ட் டாக்டர் வேலை பாக்காது, ஆனா சேரும்போது ஃபிட்னு எடுத்த ஆளுக்கு நடுவுல வந்த வியாதிக்கு சர்வீஸ் ஏன் காரணமில்லன்னு போர்டு விளக்கி எழுதியே ஆகணும், நிரூபிக்கிற பொறுப்பு ஜவான் மேல இல்ல, சந்தேகம் வந்தா பலன் அவருக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே தரம்வீர் சிங் கேஸ்ல சொல்லிருச்சு. "பீஸ் ஸ்டேஷன்ல (சண்டை இல்லாத இடத்துல) ஆரம்பிச்சது"ன்னு ஒத்தை வரி எழுதுனா பத்தாதுன்னு 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் சொல்லிருக்கு. ஆனா வெயிட்டு, சிகரெட்டுன்னு உங்க ஃபைல்லயே விவரமா இருந்தா கஷ்டம்தான், பொய்யா நம்பிக்கை குடுக்க மாட்டேன்.

அப்பீல் போட்டு ஆறு மாசமா பதில் இல்லைன்னா சென்னை ஆயுதப்படை தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஜெயிச்சா 30 சதம் 50ஆ ரவுண்ட் ஆகும், 2014 ராம் அவதார் தீர்ப்பு. இன்னொண்ணு, 2023 செப்டம்பர் 21க்கு அப்புறம் சர்வீஸை விட்டு வந்தவங்களுக்கு ரூல்ஸே வேற, இதை அப்படியே எடுத்துக்காதீங்க.

கே (ஒரத்தநாடு): எங்க வீட்டுக்காரர் 1999ல பட்டாளத்தை விட்டு வந்தாரு. இப்ப போட்டா லேட்டுன்னு தள்ளிடுவாங்களா?

தள்ள மாட்டாங்கம்மா. பென்ஷன் மாசாமாசம் வரவேண்டியது, அதனால உரிமை செத்துப்போகாது. அரியர்ஸ்தான் அடிபடும், 2008 தர்ஸெம் சிங் தீர்ப்புப்படி சாதாரணமா கேஸ் போட்ட தேதிக்கு முந்துன மூணு வருஷத்துக்குத்தான் கிடைக்கும். யோசிச்சிட்டே இருந்தா மாசாமாசம் காசு கழிஞ்சிட்டே இருக்கும், சீக்கிரம் போடச் சொல்லுங்க.

கே (பட்டுக்கோட்டை): லீவுல ஊருக்கு வந்தப்ப பைக் ஆக்சிடென்ட். கிடைக்குமா?

கஷ்டம் தம்பி. லீவுல இருந்தாலும் டூட்டிதானேன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா பட்ட காயத்துக்கும் மிலிட்டரி சர்வீஸுக்கும் சம்பந்தம் வேணும்னு 2011 ஜுஜார் சிங் கேஸ்ல முடிவாயிடுச்சு, அதுவும் லீவுல நடந்த ரோடு ஆக்சிடென்ட்தான். யூனிட்டுக்குத் திரும்பிப் போற வழியில அடிபட்டிருந்தா கதை வேற, டிக்கெட்டும் லீவு சர்டிபிகேட்டும் இருக்கான்னு தேடுங்க.

கே (கும்பகோணம்): 15 சதம்தான் போட்டாங்க. 50ஆ ஆக்கலாமா?

முழு சர்வீஸ் முடிச்சு ரிட்டயர் ஆனவர்னா முடியாது, 20க்குக் கீழ இருந்தா ரவுண்ட் பண்றதுக்கே இடமில்லன்னு 2019ல சொல்லிட்டாங்க. நடுவுல மெடிக்கல்ல வெளிய அனுப்புனாங்கன்னா அந்த 15ஐ நம்பாதீங்க, 2014 சுக்விந்தர் சிங் தீர்ப்புப்படி 20க்கு மேலன்னே எடுத்துக்கணும்.

கே (மயிலாடுதுறை): தீர்ப்பாயத்துல தோத்துட்டேன். டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போகணுமா?

முன்ன அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க. 2023 மார்ச்லேர்ந்து ஹைகோர்ட்லயே ரிட் போடலாம். ஆனா திரும்ப முதல்லேர்ந்து கதை கேக்க மாட்டாங்க, தீர்ப்புல சட்டத்தப்பு எங்கன்னு காட்டணும், அதனால வக்கீல்கிட்ட ஆர்டர் காப்பியோட போர்டு பேப்பரையும் சேத்தே குடுங்க.