நிமோனியாவுக்குப் பிறகு உடற்பயிற்சியை எப்படித் தொடங்க வேண்டும்?

நிமோனியா என்பது கிருமித் தொற்றால் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீரோ சீழோ தேங்கும் நோய். காய்ச்சல் பெரும்பாலும் 1 வாரத்தில் தணிந்துவிட்டாலும், இருமலும் மூச்சுத்திணறலும் நன்கு குறைய ஏறக்குறைய 6 வாரங்களும், அசதி முழுவதும் நீங்க 3 முதல் 6 மாதங்களும் ஆகலாம். ஏனெனில் காற்றறைகள் மெல்லத்தான் தெளிகின்றன, படுக்கையில் கிடந்த நாட்களில் கால் தசைகளும் இளைத்துவிடுகின்றன. வெள்ளம் வடிந்த மண்பாதை மேலே காய்ந்து தெரிந்தாலும், அடியில் சேறு இருக்கும்வரை அதில் பாரவண்டி ஓட்ட முடியாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். ஆகவே மருத்துவரின் ஒப்புதலுடன் வீட்டுக்குள் சில நிமிட நடையில் தொடங்கி, நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மாத்திரை முடிந்தால் நோயும் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். மருந்து கிருமியைத்தான் ஒழிக்கிறது, நுரையீரலின் புண் ஆறுவதற்குத் தனியே காலம் வேண்டும்.