புற நரம்பு மண்டலம் உடலை எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கிளம்பி விரல் நுனி வரை ஓடும் நரம்புகள்தான் புற நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி.

'கட்டுப்படுத்துகிறது' என்பதே கொஞ்சம் அதிகப்படியான சொல். முடிவெடுப்பது பெரும்பாலும் மையம். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவற்றின் வேலை. இருவழிச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடத்தில் தொடுதல், சூடு, வலி எல்லாம் உள்ளே போகும். மறு தடத்தில் 'சுருங்கு' என்ற கட்டளை தசைக்கு வரும். தடம் மாறுவது கிடையாது.

சாலையில் எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் போவதில்லையே, இங்கும் அப்படித்தான். கால் விரலை மேசையில் இடித்துக்கொண்டால் இடித்தது உடனே தெரிகிறது. விண்ணென்ற வலி ஒரு கணம் கழித்துத்தான் வருகிறது, கவனித்திருப்பீர்கள். தொடு உணர்வைக் கொண்டுபோகும் பெரும்பாலான இழைகளுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. அதனால் செய்தி வினாடிக்கு 30 மீட்டருக்கு மேல் பாய்கிறது. தாமதமாக வரும் அந்த வலிக்கான மெல்லிய இழைகளுக்கு உறை இல்லை. வினாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான், நடந்துபோகிற வேகம்.

அப்புறம், இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை. நம்மைக் கேட்காமலே இவற்றைப் பார்த்துக்கொள்பவை தன்னியக்க நரம்புகள். அவற்றில் பரிவு நரம்புகள் துடிப்பைக் கூட்டும், துணைப் பரிவு நரம்புகள் குறைக்கும்.

சரி, புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதைப் பேச்சில் 'நரம்பு' என்கிறோமே, அது நரம்பே அல்ல. சிரை எனும் ரத்தக் குழாய்.