டிரோலிங் மோட்டாருக்கு எந்த பேட்டரி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

படகு பேட்டரி பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "எது நல்லது" என்றுதான் தொடங்குகின்றன. எந்த வேலைக்கு என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். இன்ஜினைக் கிளப்புவது, டிரோலிங் மோட்டாரை (மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின் மோட்டார்) மணிக்கணக்கில் ஓட்டுவது, மீனைக் காட்டும் சோனார் திரையை (ஃபிஷ் ஃபைண்டர்) அணையாமல் வைத்திருப்பது மூன்றும் வேறு வேறு வேலைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

கேள்வி: வீட்டில் நல்ல நிலையில் ஒரு கார் பேட்டரி சும்மா இருக்கிறது. அதையே டிரோலிங் மோட்டாருக்குப் போடலாமா?

வேண்டாம். ஓடும், ஆனால் சீக்கிரமே செத்துவிடும். கார் பேட்டரிக்குள் மெல்லிய பிளேட்டுகள் நிறைய இருக்கும். சில விநாடிகளுக்குப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிரம்பிக்கொள்வதுதான் அதன் வேலை. டிரோலிங் மோட்டார் கேட்பது மணிக்கணக்கில் நிதானமான மின்னோட்டம். அதற்குத் தடிமனான பிளேட்டுகள் கொண்ட டீப் சைக்கிள் பேட்டரி வேண்டும். வாங்கும்போது குளிரில் இன்ஜினைக் கிளப்பும் திறனைக் குறிக்கும் சிசிஏ எண்ணைப் பார்க்காதீர்கள், எவ்வளவு மின்னோட்டம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று சொல்லும் ஆம்பியர் அவர் (Ah) எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: என்னுடையது 12 வோல்ட், 55 பவுண்டு தள்ளுவிசை உள்ள மோட்டார். 100 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு நாளுக்குப் போதுமா?

முழு வேகத்தில் உங்கள் மோட்டார் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். அப்படியென்றால் 100-ஐ 50-ஆல் வகுத்து இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடத் தோன்றும். லெட் ஆசிட் பேட்டரியில் (கார் பேட்டரி போல ஈயமும் அமிலமும் கொண்டது) அந்தக் கணக்கு பலிக்காது. மேலே போட்டிருக்கும் 100 என்பது பொதுவாக 20 மணி நேரக் கணக்கு, அதாவது 5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக உறிஞ்ச உறிஞ்ச மொத்தமாகக் கிடைப்பதே குறைந்துபோகும், இதைப் பியூகெர்ட் விளைவு என்பார்கள். அதோடு, லெட் ஆசிட் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்குமேல் காலி செய்யாமல் இருப்பது நல்லது.

ஆனால் நாள் முழுக்க யாரும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. தண்ணீரில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். வேகத்தைப் படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாகக் கூட்டிக் குறைக்கும் மோட்டாரில் இந்தச் சேமிப்பு அப்படியே பேட்டரிக்குக் கிடைக்கும். ஐந்து வேகம் மட்டும் உள்ள பழைய வகையில் மெதுவாக ஓட்டும்போதும் ஒரு பகுதி சூடாகி வீணாகிறது. சராசரியாக 12 ஆம்பியர், மோட்டார் உண்மையில் சுழல்வது 5 மணி நேரம் என்று வையுங்கள், 60 ஆம்பியர் அவர். லெட் ஆசிட் என்றால் குறைந்தது 120 வேண்டும். லித்தியத்துக்கு அந்தப் பாதிக் கணக்கு இல்லை, 100 தாராளம். காற்றும் நீரோட்டமும் பலமாக இருக்கும் இடத்தில் நீங்கள் மீன் பிடிப்பவர் என்றால் இந்தச் சராசரியை இரட்டிப்பாக்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள், கரைக்குத் திரும்பி வருவதற்கும் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா.

கேள்வி: இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் ஃபிஷ் ஃபைண்டர் அணைந்து மறுபடி எழுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கருவி நன்றாகத்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் சுழலும் அந்த நொடியில் பேட்டரியின் வோல்ட்டேஜ் 10-க்கும் கீழே சரிந்துவிடலாம், திரை அதைத் தாங்காமல் அணைகிறது. பேட்டரி பழசா, டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயர் மெலிதா என்று முதலில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அணைகிறதென்றால் கருவிகளுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி வைத்துவிடுங்கள். நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். 3 ஆம்பியர் எடுக்கும் திரை 8 மணி நேரம் ஓடினால் 24 ஆம்பியர் அவர். 30 அல்லது 40 உள்ள சிறிய லித்தியம் ஒன்று போதும், தூக்கவும் லேசு.

இன்னொரு லாபமும் உண்டு. டிரோலிங் மோட்டாரை ஓட்டும்போது சோனார் திரையில் புள்ளியும் கோடுமாக இரைச்சல் விழுகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புவதால் வருவது அது. ஒரே பேட்டரியைப் பகிர்ந்தால் இரைச்சல் நேராகத் திரைக்குப் போகும். பேட்டரியைப் பிரித்து, டிரான்ஸ்டியூசர் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் சோனார் பகுதி) கேபிளை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிக் கொண்டுபோனால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: லித்தியத்துக்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா? பழைய சார்ஜரே போதுமா?

அடிக்கடி தண்ணீருக்குப் போகிறவர் என்றால் கொடுக்கலாம். படகுக்கு ஏற்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் 30 கிலோவை நெருங்கும், இது அதில் பாதிகூட இருக்காது. சில நூறு சார்ஜ் சுழற்சிகளுக்குப் பதில் இரண்டாயிரத்துக்கும் மேல் தாங்கும், கடைசி வரை மோட்டார் ஒரே வேகத்தில் இழுக்கும். மாதம் ஒருமுறை ஏரிக்குப் போகிறவருக்கு நல்ல ஏஜிஎம் (மூடிய வகை லெட் ஆசிட்) பேட்டரியே போதும், அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

சார்ஜர் விஷயத்தில் கவனம். லித்தியத்துக்கென்று அமைப்பு உள்ள சார்ஜர்தான் வேண்டும். பழைய சார்ஜரில் லெட் ஆசிட் பிளேட்டில் படியும் சல்பேட்டை நீக்கும் முறை இருந்தால் அதன் உயர் வோல்ட்டேஜ் இதற்கு ஆகாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. பெரிய இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியையும் லித்தியத்துக்கு மாற்ற ஆசைப்பட்டால், இன்ஜின் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று கையேட்டைப் பாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் இன்ஜினின் சார்ஜிங் பகுதி பழுதாகலாம்.

கேள்வி: லித்தியம் போட்டபின் வோல்ட் மீட்டர் 13-ஐக் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று மோட்டார் நின்றுவிட்டது. ஏன்?

அதன் இயல்பு அது. நிரம்பியிருந்தாலும் பாதி இருந்தாலும் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான், கடைசியில்தான் சடாரென்று விழும். வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிச் சொல்லும் ஷன்ட் மீட்டர் ஒன்று போடுங்கள்.

கேள்வி: 24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருக்கிறேன். அதில் ஒன்றிலிருந்து விளக்குக்கு 12 வோல்ட் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஒன்று மட்டும் அதிகம் காலியாகி, ஜோடியின் சமநிலை கெட்டு, இரண்டுமே வீணாகும். அதே காரணத்தால் பழையதையும் புதியதையும், லெட் ஆசிட்டையும் லித்தியத்தையும் ஜோடி சேர்க்கக் கூடாது.

கேள்வி: ஃபியூஸ் அவசியமா? மோட்டாரிலேயே பாதுகாப்பு இருக்கிறதே?

கட்டாயம் வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது மோட்டாரை அல்ல, ஒயரை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே எங்காவது ஒயர் உரசித் தோல் கிழிந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து தீப்பிடிக்கும், படகில் ஓட இடமில்லை. மேலே பார்த்த 12 வோல்ட், 55 பவுண்டு மோட்டாருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர் (ஃபியூஸ் வேலையைச் செய்யும் தானியங்கி சுவிட்ச்) வழக்கம். அதைப் பிளஸ் ஒயரில், பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். மோட்டார் முன்பக்கமும் பேட்டரி பின்பக்கமும் இருந்தால் ஒயர் இன்னும் தடிமனாக வேண்டும், இல்லையென்றால் வழியிலேயே வோல்ட்டேஜ் கரைந்துவிடும்.

கேள்வி: சில மாதங்கள் படகை எடுக்கப் போவதில்லை. பேட்டரியை எப்படி வைப்பது?

லெட் ஆசிட்டை முழுக்கச் சார்ஜ் செய்து வையுங்கள், அரைகுறையாகக் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும். திறந்து தண்ணீர் ஊற்றும் வகையென்றால் டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பாருங்கள், சார்ஜ் செய்யும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், ஹைட்ரஜன் வெளிவரும். லித்தியத்தைப் பாதியளவு சார்ஜில், இணைப்புகளைக் கழற்றி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.